பதினாறாவது எழுத்து

மட்டக்காரர் என்று அவரை முதலில் கூப்பிட்டது மூத்த பைலட். வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களில் ஏறி, அவற்றைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுவருவது பைலட்டுகளின் வேலை. அதற்குக் கடல் மட்டம் தெரிந்தாக வேண்டும். அவர்களுடைய அறைச் சுவரில் அந்த மட்டத்தைச் சிவப்பு எண்களாக ஓடவைப்பது இவர் வேலை. "ஒரு நாள்கூட மட்டம் போடாத ஆளுக்கு வேற என்னய்யா பேர் வெக்கிறது?" என்று பைலட் ஒருமுறை கேட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது. அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அவருடைய சொந்தப் பெயர் புழங்கவில்லை.

மட்டம் போடவில்லை என்பது உண்மைதான். ஆசையில்லாமல் இல்லை.

மனைவி பதினொரு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு அரசு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அவளுக்கு மாற்றல் கிடையாது. இவரை இங்கே மாற்றியபோது மகளுக்குப் பதினொரு வயது. "ஒரு வருஷம். மிஞ்சிப்போனா ஒன்றரை" என்று சொல்லிவிட்டு வந்தார். இப்போது மகளுக்குப் பதினேழு.

துறைமுக அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், நடைக் கடைசியில் சர்வர் அறை. ஜன்னலைத் திறக்க முடியாதபடி பெயின்ட் அடித்து மூடியிருந்தார்கள். யூனிக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் பழைய கணினி ஒன்று, அதைக் குளிர்விக்க அதைவிடப் பழைய ஏசி ஒன்று, ஒரு மேஜை, முதுகு உடைந்த நாற்காலி. கீழே கப்பல் மேடையின் ஓரத்தில் கடலுக்குள் இறக்கிய இரும்புக் குழாய் ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு மிதவை. மிதவை ஏறுவதும் இறங்குவதும் ஒரு கம்பி வழியாக இந்த அறைக்கு வரும். நிமிடத்துக்கு ஒருமுறை அதை வாங்கி, பைலட் அறைச் சுவரிலிருந்த எண் பலகைக்கு அனுப்புகிற நிரலை அவரே எழுதினார். மூன்று மீட்டர் நாற்பத்திரண்டு, மூன்று மீட்டர் நாற்பத்து நான்கு. நாளெல்லாம் இதுதான்.

நிரலில் குறை இல்லை. பெரிய கிரேன் கிளம்பும்போது மின்சாரம் ஒருமுறை கண் சிமிட்டும். கம்பியில் தொடர்பு அறும். நிரல் கொஞ்சம் காத்துப் பார்த்துவிட்டு நின்றுவிடும். வாரத்துக்கு இரண்டு தடவை, மூன்று தடவை. மறுபடி ஒரு வரி தட்டினால் பத்து நொடியில் ஓடத் தொடங்கும். அந்தப் பத்து நொடிக்காக ஒரு ஆள் எப்போதும் இருக்க வேண்டியிருந்தது. சுவர்ப் பலகை நின்றால் பைலட் அறையிலிருந்து போன் வரும். வளாகத்துக்குள்ளேயே அவருக்கு ஒரு அறை கொடுத்திருந்தார்கள்.

ஊருக்குப் போகாமல் இல்லை. ஆறு வருடத்தில் பதினான்கு முறை போயிருக்கிறார். எந்த முறையும் இரண்டு நாளைத் தாண்டவில்லை. மூன்று தடவை பாதி வழியில் ரயிலிலிருந்து இறங்கி, எதிர்ப்பக்க ரயில் பிடித்துத் திரும்பியிருக்கிறார். ஒருமுறை மகளுக்கு வாங்கிய சைக்கிள் விளக்கு பையில் இருந்தது. அதைத் தபாலில் அனுப்பினார்.

மனைவி சண்டை போடுகிற ஆள் இல்லை. போன் எடுத்தவுடன், "என்னங்க, என் சக்களத்தி எப்படி இருக்கா?" என்பாள்.

"ஓடிட்டிருக்கா."

"அவளுக்கென்ன, நல்லா ஓடுவா. பார்த்துக்க ஆள் இருக்கு."

அப்புறம் இருவரும் சிரிப்பார்கள். சிரித்து முடிந்த பிறகு வருகிற இரண்டு மூன்று நொடிகள்தான் அவருக்குத் தாங்காது.

நிரல் நின்றுபோனால் தானாகவே கிளப்பிவிடுகிற காவல் நிரல் ஒன்றை அவர் முதல் வருடமே எழுதியிருந்தார். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஓடிக்கொண்டிருப்பவற்றில் இந்தப் பெயருள்ளது இருக்கிறதா என்று கணினியைக் கேட்க வேண்டும். அதற்கென்று ஒரு தேடல் கட்டளை உண்டு. இருந்தால் அதன் எண்ணைச் சொல்லும், இல்லாவிட்டால் வாய் திறக்காது. வாய் திறக்காவிட்டால் கிளப்பிவிட வேண்டியது.

காவலை முதல் தடவை ஓடவிட்ட அன்று பைலட் மாடிப்படி ஏறி ஓடிவந்தார்.

"யோவ், நாப்பத்திரண்டு மீட்டராம்! கடல் எந்திரிச்சு நிக்குதாய்யா?"

இவர் திரையில் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தார். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் ஏழு நிரல்கள், ஏழும் ஒரே பெயர். ஏழும் ஒரே கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. ஒன்றுக்கு மூன்று கிடைத்தது, இன்னொன்றுக்கு நாற்பத்திரண்டு. ஓடிக்கொண்டிருந்த நிரலைக் காவல் பார்க்கவே இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இல்லை என்று முடிவு கட்டி, புதிதாக ஒன்றைக் கிளப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

அவர் தேடல் கட்டளையை நேரடியாகத் தட்டிப் பார்த்தார். வேறு எந்த நிரலைக் கேட்டாலும் எண்ணைச் சொன்னது. இவருடையதைக் கேட்டால் மௌனம். முழுப் பட்டியலைப் போட்டால், அதோ, கண்ணெதிரே முழுப் பெயரோடு நிற்கிறது. தேடினால் இல்லை. கையேட்டுப் பக்கத்தை மூன்று தடவை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். அப்படி ஒரு நிரல் தெரியாமல் போவதற்கு என்ன காரணம் என்று அதில் ஒரு வரி இல்லை. கணினி விற்ற நிறுவனத்துக்கு எழுதினார். நிறுத்திவிட்டுத் திரும்பப் போடச் சொல்லி ஒரு வரியில் பதில் வந்தது. நிறுத்திப் போட்டார். மாறவில்லை.

அவர் படித்தது மின்னணுவியல் டிப்ளமோ. யூனிக்ஸ் கற்றது இரண்டு வாரப் பயிற்சியில். கம்பி வழியாக வேலை பார்க்கிற நிரலை இந்தக் கட்டளைக்குத் தெரியாது போலிருக்கிறது என்று ஒரு காரணத்தைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காவலை அணைத்தார். தானே காவலுக்கு உட்கார்ந்தார்.

துறைமுக அதிகாரியிடம் வருடத்துக்கு ஒரு மாற்றல் விண்ணப்பம் கொடுப்பார். மனைவி இருந்த ஊரின் ஆற்றுப் படகுத்துறை அலுவலகத்தில் ஒரு இடம் காலியாகவே இருந்தது. அதிகாரி கெட்டவர் இல்லை. இவருக்கு முன்பிருந்தவர் காலத்தில் ஒரு கப்பல் தரை தட்டி நான்கு நாள் அசையாமல் நின்றது அவர் மனதில் இருந்தது.

"உங்க மெஷின் உங்க கை படாம ஓடட்டும், சார். மறுநாளே கையெழுத்துப் போடறேன்" என்பார். ஒவ்வொரு வருடமும் அதே வாக்கியம்.

அந்த வருடம் மகள் பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள். இனி எங்கே சேர்ந்தாலும் விடுதிதான். ஒரே வீட்டில் அவளோடு இருக்க வேண்டும் என்று ஆறு வருடமாகத் தள்ளிவைத்தது இனித் தள்ள இடமில்லாமல் வந்து நின்றது. அவர் அணைத்து வைத்திருந்த காவலை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

காலை பதினொரு மணி இருக்கும். தேடல் கட்டளையைத் தட்டி, நிரலின் பெயரை அடிக்கத் தொடங்கியிருந்தார். ஆங்கில எழுத்தில் அடித்தால் இருபது எழுத்து: கடல்மட்டவாசிப்பான். 'கடல்' வரை வந்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது. அதை எடுக்கிற அவசரத்தில் விரல் எண்டரைத் தட்டிவிட்டது.

"என்னங்க, வேலையா இருக்கீங்களா?"

"சொல்லு."

"அவளுக்கு இடம் கெடச்சிருச்சு. அடுத்த மாசம் பதினாலாம் தேதி சேரணுமாம். ஹாஸ்டலும் சேர்த்துத்தான். இன்னிக்குச் சேர்த்து முப்பத்திரண்டு நாள்."

அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரு எண் இருந்தது. ஆறு வருடத்தில் அந்தக் கேள்விக்கு ஒருமுறைகூட வராத பதில்.

"கேக்குதா?"

"கேக்குது. இரு, வெச்சிராத."

முழுப் பெயரையும் அடித்தார். மௌனம். 'கடல்' மட்டும் அடித்தார். எண் வந்தது. ஒரு எழுத்துச் சேர்த்தார். எண். இன்னொன்று. எண்.

"என்ன டக்கு டக்குனு சத்தம்? நான் பொண்ணைப் பத்திச் சொல்லிட்டிருக்கேன், நீங்க சக்களத்திகிட்ட கொஞ்சிட்டிருக்கீங்க."

"பத்து... தெரியுது. பதினொண்ணு, தெரியுது."

"யாரு தெரியுது?"

"அவதான்."

"நல்லா இருக்கு போங்க."

"பதிமூணு. பதினாலு." அவருடைய குரல் இறங்கியது. "பதினஞ்சு, தெரியுது."

பதினாறாவது எழுத்தைச் சேர்த்தார். திரை சும்மா இருந்தது. அழித்தார், எண் வந்தது. சேர்த்தார், போயிற்று. இப்படி நான்கு முறை செய்து பார்த்தார். பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குழாய்கள் மோதிக்கொள்கிற ஓசை போனில் கேட்டது.

"பதினஞ்சு எழுத்துக்கு மேல இதுக்குப் பேர் ஞாபகம் இருக்காது போல" என்றார். "பட்டியல்ல முழுசாக் காட்டும். உள்ளே பதினஞ்சோட வெட்டி வெச்சிருக்கு. நான் இருபது எழுத்தும் சொல்லித் தேடறேன். அப்படி யாரும் இல்லங்குது. பொய்யும் சொல்லல."

"அது எங்கயாவது எழுதியிருக்கணும் இல்ல?"

"எழுதல. மூணு வாட்டி படிச்சேன்."

"அதனால?"

"அதனால காவலுக்கு அவளைத் தெரியல."

"அதனால?"

"அதனால நான் இங்க இருந்தேன்."

கண்ணாடி ஓசை நின்றது. கையில் இருந்ததை அவள் கீழே வைத்திருக்க வேண்டும்.

"சின்னப் பேரா வெச்சிருக்கக் கூடாதாங்க?" என்றாள்.

"வெச்சிருக்கலாம்."

போனை வைத்துவிட்டுத் திரையிலிருந்த பெயரைப் பார்த்தார். முதலில் சின்னப் பெயராகத்தான் வைத்திருந்தார். 'மட்டம்', அவ்வளவுதான். இவரைக் குடியமர்த்த வந்து நான்கு நாள் தங்கியிருந்தபோது அவள்தான் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, "இது என்ன மொட்டையா? என்ன செய்யுதோ அதை முழுசா வைங்க, அழகா இருக்கட்டும்" என்றாள். அவர் அடித்தார். ஒவ்வோர் எழுத்தாக அவள் சொல்லச் சொல்ல அடித்தார். அவள் கன்னம் இவர் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்று ஆறு வருடத்தில் ஒருமுறைகூட அவருக்குத் தோன்றாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதை அவளிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தார். காவலில் தேடுகிற இடத்தில் கடைசி ஐந்து எழுத்தை மட்டும் அழித்தார். நிரலின் பெயரில் கைவைக்கவில்லை.

அதிகாரி முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆறு வருஷம்... அஞ்சு எழுத்துக்கா?"

"ஆமா சார்."

"இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க. சிரிப்பாங்க." பிறகு வழக்கமான இடத்துக்கு வந்தார். "சரி, முப்பது நாள். கை படாம ஓடட்டும்."

"முப்பது நாள் ஆனா என் பொண்ணு போயிடுவா சார்."

மூத்த பைலட் ஏதோ கையெழுத்துக்காக அங்கே நின்றுகொண்டிருந்தார். "விட்டுடுங்க சார், பாவம். நாப்பத்திரண்டு மீட்டர் காட்டுச்சுன்னா நாங்க நீந்திக்கிறோம்" என்றார்.

அதிகாரி சிரிக்கவில்லை. நாட்காட்டியைப் புரட்டினார். "மூணு வாரம். இருபத்தோரு நாள். நீங்க ஒரு தடவை தொட்டாலும் திரும்ப ஒண்ணுலேர்ந்து. நடுவுல போகவும் கூடாது, பலகை கெட்டுச்சுன்னா பதில் சொல்ல ஆள் வேணும்."

அப்படித்தான் அந்த மூன்று வாரம் தொடங்கியது. கைவைக்கக் கூடாத வேலைக்கு அவர் தினமும் வந்து உட்கார்ந்தார். சர்வர் அறைச் சாவியைத் தானாகவே பைலட்டிடம் கொடுத்துவிட்டு, பைலட்டுகளின் அறையில் ஒரு நாற்காலியில் பலகைக்கு எதிரே இருந்தார். நான்காம் நாள் நிரல் நின்றது, காவல் கிளப்பியது. ஒன்பதாம் நாளும் அப்படியே. ஐந்து நிமிடத்துக்குள் எண்கள் திரும்பி வந்தன.

பத்தாம் நாள் மாலை மனைவி கூப்பிட்டாள். சக்களத்தியை விசாரிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும். அந்தப் பேரு... நான் சொன்னதுதானே?"

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"பீரோவுல துணி அடுக்கிட்டிருந்தேன். சும்மா திடீர்னு ஞாபகம் வந்துச்சு. நான் சொல்லச் சொல்ல நீங்க அடிச்சீங்க."

"யார் சொன்னா என்ன. அடிச்சது நான்."

"அன்னிக்கு போன்ல ஏன் சொல்லல?"

"சொல்லி?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "நல்ல பேருங்க அது" என்றாள்.

"நல்ல பேர்தான். மாத்தல."

பதினேழாம் நாள் காலை பத்தரைக்குப் பெரிய கிரேன் உறுமிக்கொண்டு கிளம்பியது. விளக்குகள் ஒருமுறை மங்கின. பலகையில் மூன்று மீட்டர் பதினெட்டு நின்றது. மறு நிமிடமும் அதே பதினெட்டு.

பைலட் வாசலில் நின்று வாக்கி-டாக்கியில் பேசிக்கொண்டிருந்தார். தானியக் கப்பல் ஒன்று முகத்துவாரத்துக்கு வந்துவிட்டது. அதற்கு மூன்று மீட்டர் இருபது வேண்டும். நீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரம். ஏறிவிட்டதா இல்லையா என்பதைப் பலகைதான் சொல்ல வேண்டும்.

"மட்டக்காரரே, நின்னுடுச்சு."

"தெரியுது."

"என் பையில சாவி இருக்கு. நான் பார்க்கல, போறதுன்னா போயிட்டு வாங்க. யார் சொல்லப் போறா?"

இரண்டாம் மாடி, இருபத்தாறு படி, ஒரு வரி, பத்து நொடி. அவர் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். பைலட்டைப் பார்க்கவில்லை.

"காத்திருக்கச் சொல்லுங்க."

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிஷத்துக்குள்ள."

"வரலைன்னா?"

"வரலைன்னா நான் போய்த் தொடறேன். அப்புறம் ஒண்ணுலேர்ந்து எண்ணறேன்."

பைலட் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு வாக்கி-டாக்கியில் கப்பலை நிறுத்தச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ திட்டினார்கள். பைலட் பதிலுக்குத் திட்டினார். சுவர்க் கடிகாரத்தில் மூன்று நிமிடம் போயிற்று. மட்டக்காரருக்கு உள்ளங்கை மரத்துவிட்டது. பதினாலாம் தேதிக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. ஒன்றிலிருந்து எண்ணினால் இருபத்தோரு நாள். இந்தக் கணக்கை அவர் போட வேண்டியதே இல்லை. அது தானாகவே ஓடிக்கொண்டிருந்தது.

நான்காவது நிமிடத்தின் நடுவில் பலகை ஒருமுறை இருண்டு, மூன்று மீட்டர் இருபத்தொன்று என்று எரிந்தது.

"வா, வா, வா" என்று பைலட் வாக்கி-டாக்கியில் கத்தினார். போகிற போக்கில் மட்டக்காரரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

அதிகாரி சொன்னபடி இருபத்திரண்டாம் நாள் கையெழுத்துப் போட்டார். பொறுப்பை ஒப்படைக்க ஒரு நாள். ரயிலில் பகல் முழுவதும் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். எந்த ஸ்டேஷனிலும் இறங்க வேண்டியிருக்கவில்லை. போன் ஒரே ஒருமுறை அடித்தது. பைலட்.

"நின்னுது, கிளம்பிடுச்சு. சும்மா சொல்லணும்னு தோணிச்சு."

"சரி."

"நாற்காலிதான் காலியா இருக்கு."

கதவைத் திறந்தது மகள். போன தடவை பார்த்து பத்து மாதமாகியிருந்தது. அவர் நினைவில் இன்னும் தோள் உயரத்திலேயே நின்றவள் காது வரை வந்திருந்தாள். "வாங்கப்பா" என்றாள், பையை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தவரிடம் வாங்குவதுபோல வாங்கினாள்.

"டீ போடறேன். சர்க்கரை எத்தனைப்பா?"

அவர் வாய் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து மனைவி, "ரெண்டு" என்றாள். அவளுக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. மருத்துவர் சொல்லி அவர் சர்க்கரையை விட்டு ஐந்து மாதமாயிற்று. இரண்டு ஸ்பூன் போட்டு வந்த டீயை முழுவதும் குடித்தார்.

கூடத்தின் நடுவில் ஒரு பெட்டி திறந்தபடி கிடந்தது. அதைச் சுற்றி மடித்த துணிகளும், புது வாளியும், புது பெட்ஷீட்டும். எட்டு நாளில் கிளம்புகிற பெட்டி. அவர் துண்டை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் தோளிலேயே போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றார்.

"இந்தப் பூட்டு மூட மாட்டேங்குதுப்பா" என்றாள் மகள். "கடைக்காரர் மாத்தித் தரமாட்டேன்னுட்டார். கொஞ்சம் பாருங்களேன்."

தரையில் உட்கார்ந்தார். மகள் திருப்புளியைக் கொண்டுவந்து எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, பெட்டியின் மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு திருகு தளர்ந்திருந்தது. அவருக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. அரைச் சுற்று முறுக்கினால் போதும்.

அவர் அதை முழுவதும் கழற்றி உள்ளங்கையில் வைத்தார். பிறகு அடுத்ததையும் கழற்றினார்.

"நிறைய வேலை இருக்காப்பா?"

"இருக்கு. நல்லாப் பிடிச்சுக்கோ."

"கை வலிச்சா?"

"வலிச்சா சொல்லு, நிறுத்திக்கலாம். நாளைக்குப் பார்த்துக்கலாம்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. மனைவி கதவு நிலையில் சாய்ந்து நின்று இருவரையும் பார்த்தாள். அவள் பரிசோதனைக் கூடத்தில் எத்தனையோ சின்னத் திருகுகளை முறுக்கியவள். அந்தப் பூட்டுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். திருகுகளைப் போட்டுவைக்க ஒரு கிண்ணம் எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

அவர் மூன்றாவது திருகில் திருப்புளியை வைத்தார்.